மூன்றாம் கட்டத்தில் ஒரு ஜெர்மன்காரர்

ஆவடிக்கு மேற்கே ஜெர்மன் மொழியை ஸ்குரூடிரைவர் வழியாகக் கேட்ட மனிதர் ஒருவர்தான். கிழக்கேயும் இன்னொருவர் இருக்க வாய்ப்பில்லை. கோவில்பதாகையில் எங்கள் அடுக்குமாடியில் அவருக்குப் பெயரே ஸ்குரூடிரைவர். கூரியர் கொண்டுவருபவர்கூட அப்படித்தான் விசாரிப்பார்.

ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் எஞ்சின் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற எஞ்சினில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் தண்ணீர் மோட்டார், லிஃப்ட், என் மாமனாரின் ஸ்கூட்டர் எல்லாம் அந்தப் பரிசோதனைக்குத் தப்பவில்லை. ஒருமுறை நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேனின் நெஞ்சிலும் வைத்துப் பார்த்து, "வால்வு நல்லா கீது" என்று சான்றிதழ் கொடுத்தார்.

பூந்தமல்லியில் பழைய சாமான் கடை ஒன்றில் அவர் கம்ப்யூட்டர் வாங்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. யாரோ அழிக்க மறந்த வீடியோ கேம் ஒன்று அதற்குள் இருந்தது. பனிமலை, கோட்டை, வாளோடு ஒரு கதாநாயகன். மூன்றாம் கட்டத்தில், பின்னணி இசையின் முரசுச் சத்தத்துக்கு அடியில், ஓர் ஆண் குரல் நான்கு விநாடி ஏதோ சொல்லிவிட்டு மறையும். அன்று மாலையே என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நைனா, உள்ள ஒருத்தன் பேசிகினு கீறான். ஜெர்மன் பாஷ."

"ஜெர்மன்னு எப்படிண்ணே தெரியும்?"

"எஞ்சினோட வந்த ஜெர்மன்காரனுங்க கூட ரெண்டு வருசம் வேல பாத்துகிறேன். என்னாண்டயேவா?"

அவருக்குத் தெரிந்த ஜெர்மன் மொத்தம் இருபது வார்த்தை. இருபதும் எஞ்சின் சம்பந்தப்பட்டவை. அதனால் ஒரே வாரத்தில் தீர்ப்பு வந்தது. "ஆயில் பிரஷர் கம்மியா கீதுன்றான்." பனிக்கோட்டையில் வாள் சண்டைக்கு நடுவே ஆயில் பிரஷர் எதற்கு என்று கேட்டேன். யோசித்தார். அடுத்த வாரம் தீர்ப்பைத் திருத்தினார். "ஃபில்டர மாத்துன்றான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்த கேமின் ரசிகர்கள் ஒரு பக்கமே நடத்திக்கொண்டிருந்தார்கள். இசைக்குள் புதைந்திருக்கும் ஜெர்மன் குரல்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டிருந்தார்கள். மூன்றாம் கட்டத்துக்கு நேராக மட்டும் ஒரு கேள்விக்குறி. அதைக் காட்டியதுதான் நான் செய்த தப்பு.

"அந்த எடம் காலியா கீதா? நான் ரொப்பறேன்" என்றார்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத காரணம் ஒன்று இருந்தது. சோதனைக் கூடத்து இரைச்சலில் அவருடைய இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது, இனிப் போனது திரும்பாது என்று அம்பத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். "காது போறதுக்குள்ள இத்த கேட்டுடணும் நைனா" என்றார். அதை அவர் சிரிக்காமல் சொன்னபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை.

இசையை மட்டும் தனியாகப் பிரித்துத் தருகிறேன் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. "கழட்டி வெச்ச எஞ்சின்ல இன்னா சத்தம் கேக்கும்? ஓட்டி வுட்டுத்தான் கேக்கணும்." கேம் ஓடினால்தானே இசை வரும். கதாநாயகன் சும்மா நின்றால் ஓநாய்கள் வந்து கடித்துக் குதறிவிடும். எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாளைச் சுழற்றிக் கதாநாயகன் உயிரைக் காப்பாற்ற, அவர் ஸ்பீக்கரில் ஸ்குரூடிரைவரை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவர் மனைவி காபியை வைத்துவிட்டுச் சொல்வார்: "நான் கூப்டா ஒரு நாளாச்சும் இப்டி காத குடுத்துகிறாரா கேளு தம்பி."

தொழிற்சாலையில் ஒரு வழக்கமாம். சத்தத்தில் சந்தேகம் வந்தால் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு, பேசிக்கொள்ளாமல், சீட்டில் எழுதித் தரவேண்டும். அதை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடத்தினார். சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேச வந்த பன்னிரண்டு பேர் கையில் சீட்டைத் திணித்து, குரலைப் போட்டுக் காட்டினார். செயலாளர் தெலுங்கு என்று எழுதினார். பொருளாளர் ஏதோ மந்திரம் என்றார். "தண்ணி லாரி வந்துடுச்சு" என்று எழுதினார் வாட்ச்மேன். சாக்கடை அப்படியே இருக்கிறது.

இப்படியே இரண்டரை வருடம். அவர் சொல்லச் சொல்ல நான் ரசிகர்கள் பக்கத்தில் எழுதிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன மாதம் என் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியிருந்தவர் அந்த இசையை அமைத்தவரேதான். இந்தியாவிலிருந்து ஒருவர் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதைப் பார்த்துப் பழைய பதிவைத் தேடி எடுத்தாராம். முழு வாக்கியமும் அதில் இருந்தது. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி ஓடினேன்.

"அண்ணே, விடை கிடைச்சிடுச்சு! அவர்..."

பாய்ந்து என் வாயைப் பொத்திவிட்டார். எஞ்சின் ஆளுடைய கை, கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை.

"சொல்லாத! நீ சொல்லிட்டா அப்புறம் எனக்கு அதான் கேக்கும். கேக்காமயே கேட்ட மாரி இருக்கும். அதுல நான் கையெழுத்து போட மாட்டேன்."

"காது இறங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னும் எத்தனை நாள்..."

"எறங்கட்டும். எறங்குற வரைக்கும் கேக்கறேன். ஓட்டு."

ஓட்டினேன். ஓநாய்களை வெட்டிக்கொண்டே அவரைப் பார்த்தேன். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, மூடியிருந்த கண் திறந்தது.

"நோஹ் ஐன்மால்" என்றார் மெதுவாக. "எஞ்சின் நின்னு போனா அந்த வெள்ளக்காரன் சொல்வான் நைனா. இன்னொரு தபா, இன்னொரு தபான்னு. அப்புறம் பிட்டே. தயவு பண்ணுன்னு அர்த்தம். அதுக்கப்பால ஒரு வார்த்த கீது. அது புடிபடல."

கடிதத்தில் இருந்ததும் அச்சுப் பிசகாமல் அந்த மூன்று வார்த்தைதான், அவர் விட்ட ஒன்றைத் தவிர. நான் வாளைச் சுழற்ற மறந்துவிட, கதாநாயகனை ஓநாய் தின்றுவிட்டது.

அந்தக் கேள்விக்குறிக்கு நேராக இப்போது ஜெர்மனில் மூன்று வார்த்தை இருக்கிறது. நான்காவது இடத்தில் கோடு போடச் சொன்னார். கடிதத்தில் அந்த வார்த்தையைப் படித்திருந்தும், சொல்லாமல் கோட்டைப் போட்டேன். கீழே கண்டுபிடித்தவர் பெயராக ஸ்குரூடிரைவர், ஆவடி என்று போடச் சொன்னார். போட்டேன்.

நான்காவது வார்த்தை என்ன என்று இந்நேரம் நீங்கள் கேட்பீர்கள். இந்தப் பத்திரிகையை அவர் அட்டையிலிருந்து கடைசிப் பக்க விளம்பரம்வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். மன்னியுங்கள், உங்களிடமும் சொல்லமாட்டேன். சாமி, அந்த வலது காது மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தாங்கட்டும்.