பேஸ்போல்காரருக்கு அம்மா வைச்ச பொட்டு

ஒரு விசயத்தில எக்ஸ்பேர்ட் ஆகிறது சரியான லேசு. உங்கட வீட்டில ஒருத்தருக்கும் அந்த விசயம் தெரியாமல் இருந்தால் போதும். எங்கட வீட்டில அப்பாவுக்குக் கிரிக்கெற் தெரியும், அம்மாவுக்கு எல்லாம் தெரியும், தங்கச்சி மாலினிக்கு என்னைத் தெரியும். (அதுதான் பெரிய ஆபத்து.) ஆனா அமெரிக்கப் பேஸ்போல் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. அதை நான் வெளியில சொல்லேல்லை.

தொண்ணூறுகளின்ர தொடக்கம். லண்டனில, குட்மேய்ஸில இருந்தம். நான் கொலிஜில ஹிஸ்ரறி படிச்சுக்கொண்டிருந்தன், தலைக்கு ஜெல் பூசி, உலகத்தில எனக்குத் தெரியாதது ஒண்டுமில்லை எண்ட நினைப்போட. பக்கத்து வீட்டில ரொன் எண்டு ஒரு வெள்ளைக்காரர், ட்ரெயின் ஓட்டிப் பென்சன் எடுத்தவர். அம்மா அவரை "ரொன் அண்ணை" எண்டுதான் கூப்பிடுவா. அவரும் "அண்ணை ஹியர்!" எண்டு வேலிக்கு மேலால தலையை நீட்டுவார்.

ரொன்னிட்ட ஒரு பிஸ்கட் ரின் நிறையப் பழைய கார்ட்டுகள் இருந்திச்சு. முதலாம் உலகப்போருக்கு முந்தி அமெரிக்காவில சிகரெட் பெட்டி நெளியாமல் இருக்க உள்ளுக்கு ஒரு மட்டைக் கார்ட் வைப்பாங்களாம். முன்பக்கம் பேஸ்போல் விளையாடுறவன்ர படம், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். கப்பலில கரி அள்ளிப்போட்ட ரொன்னின்ர தாத்தா அங்கயிருந்து கொண்டுவந்தது. மனிசன் விட்டிட்டுப் போன சொத்து அவ்வளவும்தான்.

கார்ட் சேர்க்கிறவைக்கு ஒரு கிளப் இருந்திச்சு. அதின்ர செக்ரெற்றறி, கழுத்தில போ ரை கட்டின ஆள், ஒருநாள் எட்ட நிண்டு பாத்திட்டு, "உது அசல் இல்லை, பிறகு அடிச்ச கொப்பி, காலமைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டிக்குள்ள ஓசியா வந்திருக்கும்" எண்டு சொல்லிப்போட்டார். ரொன்னுக்கு அது தாத்தாவைப் பொய்யன் எண்டு சொன்னமாதிரி. சாப்பாடு இறங்கேல்லை. அடுத்த மீற்றிங்கில அசல் எண்டு காட்ட ஒரு சான்ஸ் கேட்டு வாங்கிப்போட்டு என்னட்ட வந்தார்.

"நீ படிச்ச பெடியன். எந்த வருசத்துக் கார்ட், என்ன வகை எண்டு பிரிக்க உனக்கு ஏலுமோ?"

"ஏலுமோ? உது எனக்குத் தண்ணி குடிக்கிறமாதிரி."

லைப்ரரியில ஒரு புத்தகம் எடுத்து வாசிச்சன். கார்டில வருசம் போட்டிருக்காது. படத்தில இருக்கிறவன் எந்த ரீமின்ர சேர்ட் போட்டிருக்கிறான், அந்த ரீமில எப்ப இருந்தவன் எண்டு பிடிக்கவேணும். பிறகு திருப்பி, எந்தச் சிகரெட், எந்தப் பக்ரறி நம்பர் எண்டு பாக்கவேணும். ஒரே முகம், ஆனா விளம்பரம் வேறயெண்டா அது வேற வகை. எல்லாம் வடிவா விளங்கிச்சு. விளங்கின கையோட கார்ட்டுகளை மேசையில பரப்பி பற்ஸ்மன், போலர், விக்கெற் கீப்பர் எண்டு மூண்டு வரிசையாப் பிரிச்சு, ஒவ்வொண்டுக்கும் ஒரு துண்டில பேர் எழுதி வைச்சன். (சிரிக்காதேங்கோ. முகமூடி போட்டுக்கொண்டு பின்னால குந்தியிருக்கிறவனை வேற என்னெண்டு சொல்லுறது?)

அம்மா வந்து எட்டிப் பாத்தா. "என்னடா உது, சிகரெட்டோ?"

"சிகரெட் இல்லையம்மா, படிப்பு. இப்ப இதுதான் என்ர படிப்பு."

"ஆரடா உந்த ஆக்கள்?"

"பழைய ஆக்கள். எல்லாரும் செத்துப்போச்சினம்."

"ஐயோ, பாவங்கள்" எண்டு சொல்லிப்போட்டு அம்மா போட்டா. என்ர தலையில நானே மண் அள்ளிப் போட்டது அந்த ரெண்டு பதிலாலயும்தான்.

மீற்றிங் நாளும் சரஸ்வதி பூசையும் ஒரே நாளில வந்திச்சு. காலமை லெக்சருக்குப் போட்டு பின்னேரம் வந்து பாத்தா, மேசை துடைச்சு வைச்சமாதிரிக் கிடக்கு.

"அம்மா! கார்ட்டுகள் எங்க?"

"சாமியறையில. படிப்புச் சாமானெல்லாம் பூசையில வைக்கிறதுதானே."

"எனக்கு இப்ப வேணும்! ரொன் வாசலில நிக்கிறார்!"

"நாளைக்கு விஜயதசமிக்கு எடுத்துத் தாறன். இண்டைக்குத் தொட்டியெண்டா படிப்பு ஏறாது."

சோபாவில இருந்த மாலினி, "இவ்வளவு நாளும் ஏறினதோ அம்மா?" எண்டாள்.

அம்மா கடலை தாளிக்கக் குசினிக்குள்ள போன நேரம் பாத்து சாமியறைக்குள்ள பூந்தன். குத்துவிளக்கு வெளிச்சம் மட்டும்தான். என்ர புத்தகங்களுக்கு மேல தாம்பாளம், அதை மூடி ஒரு பட்டுத்துணி. "சரஸ்வதித் தாயே, சொறி" எண்டுபோட்டு, துணிக்குக் கீழ கையை விட்டுக் கார்ட்டுகளை வாரி ரின்னுக்குள்ள போட்டன். நல்ல சந்தன வாசம். சாமியறையில வேற என்ன மணக்கும் எண்டு நினைச்சன்.

கிளப் கூடுறது ஒரு சேர்ச் ஹோலில. ரொன் செத்தவீட்டுக்குக் கட்டுற ரை கட்டிக்கொண்டு முன் கதிரையில இருந்தார். நான் எழும்பி, தொண்டையைச் செருமி, "லேடீஸ் அன்ட் ஜென்ரில்மென்" எண்டன். (அங்க லேடீஸ் ஒருத்தரும் இல்லை.) பிறகு ரின்னைத் திறந்து கார்ட்டுகளை ஒவ்வொண்டா மேசையில வைச்சன்.

ஒவ்வொரு பேஸ்போல்காரன்ர நெத்தியிலயும் சந்தனப் பொட்டு. சந்தனத்துக்கு நடுவில குங்குமம். அம்மா ஒருத்தனையும் விடேல்லை. தொப்பி நெத்தியை மறைச்சவனுக்குத் தொப்பியில. விக்கெற் கீப்பருக்கு முகமூடியில. ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில செருப்பைத் துலைச்ச மாமாமார் மாதிரி எல்லாரும் என்னைப் பாத்து முறைக்கினம். பெருவிரலை நக்கி ஒருத்தனைத் துடைச்சுப் பாத்தன். முழு முகமும் சிவந்துபோச்சு, கடற்கரையில நித்திரை கொண்டவன் மாதிரி.

ரொன் எழும்பி மேசைக்குக் கிட்ட வந்தார். கார்ட்டுகளையே பாத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அந்த முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு.

செக்ரெற்றறி லென்ஸோட குனிஞ்சார். "ம்ம்... கையால வைச்ச அடையாளம். எல்லாத்திலயும் ஒரே இடத்தில. ஏதாவது ரகசியச் சங்கத்துக்கு விசேசமாச் செய்த செற்றோ? புத்தகத்தில இல்லாத வகையா இருக்கே!"

அந்த நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாம்தானே? "நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தனான் சேர். பொட்டு முதலாம் உலகப்போருக்கு முந்தினது" எண்டன்.

கதவு படாரெண்டு திறந்திச்சு. காஞ்சிபுரம் சீலைக்கு மேல குளிர் கோட் போட்டுக்கொண்டு, கையில கடலைச் சட்டியோட அம்மா. பின்னால வழி காட்டிக்கொண்டு வந்த மாலினி, வாழ்க்கையில அவ்வளவு சந்தோசமா நான் அவளைக் கண்டதே இல்லை.

"டேய்! சரஸ்வதிக்கு முன்னால வைச்சதைக் களவெடுத்துக்கொண்டோ வந்தனி?"

செக்ரெற்றறி நிமிந்து அம்மாவின்ர நெத்தியைப் பாத்தார். குனிஞ்சு கார்டைப் பாத்தார். திரும்ப அம்மாவின்ர நெத்தி. லென்ஸைக் கொஞ்சம் தூக்கினவர், மரியாதையில்லை எண்டு நினைச்சோ என்னவோ கீழ இறக்கிப்போட்டார்.

"செத்த ஆக்களின்ர படத்துக்குப் பொட்டு வைக்கிறதுதானே?" எண்டு அம்மா. "இவன்தான் எல்லாரும் செத்துப்போச்சினம் எண்டவன்."

மாலினி ஒரு சொல்லும் விடாமல் இங்கிலிசில மொழிபெயர்த்தாள். வாசலில நிண்டு கேட்டவள், உலகப்போருக்கு முந்தின பொட்டு இண்டைக்குக் காலமை வைச்சது எண்டதையும் சேர்த்துத்தான்.

செக்ரெற்றறியின்ர முகம் நான் துடைச்ச கார்ட் மாதிரிச் சிவந்துபோச்சு. ஆனா கத்த வாய் திறந்தவர் அப்பிடியே நிண்டார். ஒரு பொட்டை நகத்தால மெல்லச் சுரண்டினார். திரும்பவும் சுரண்டினார்.

"ஒரு நிமிசம். கொப்பியெண்டா வழுவழு மட்டையில அடிச்சிருப்பாங்கள். சுரண்டினா இது உதிரவேணும். இது உள்ளுக்கு ஊறிப்போச்சு. மேல பூச்சில்லாத பழைய மட்டை." பிறகு ஒவ்வொண்டா லென்ஸில பாத்து, திருப்பிப் பின்பக்கமும் பாத்து முடிச்சு, ரொன்னுக்குக் கையை நீட்டினார். "நான் சொன்னது பிழை. உங்கட தாத்தா கொண்டுவந்தது அசல். படுமோசமாப் பழுதாக்கின அசல்."

ரொன் அந்தக் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சார். பிறகு சிரிக்கத் தொடங்கினவர்தான், ரையால கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரிச்சார். "பழுதானாலும் பரவாயில்லை. மனிசன் பொய் சொல்லேல்லை."

"ரொன் அண்ணை, முதல்ல கடலை சாப்பிடுங்கோ" எண்டா அம்மா. செக்ரெற்றறி ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினார். "விக்கெற் கீப்பர்" எண்டு நான் எழுதி வைச்ச துண்டு ரின்னுக்குள்ள கிடந்ததைக் கண்டதும்தான் அவருக்குக் கடலை புரையேறினது.

பிறகு எனக்குக் கலியாணம் வந்திச்சு. மணவறையில பட்டு வேட்டி, தலைப்பாகை, நெத்தி நிறையச் சந்தனமும் குங்குமமுமா மாப்பிள்ளை கம்பீரமா இருக்கிறன். மாலினி மேடையில ஏறி வந்து, பொம்பிளை வீட்டாக்கள் எல்லாரும் பாக்க, என்ர பொட்டை நகத்தால ஒரு சுரண்டு சுரண்டினாள். சபையைப் பாத்துச் சத்தமாச் சொன்னாள்:

"உதிருது. கொப்பிதான்."

அதுக்கு முதல் ஆளாக் கைதட்டினது ரொன் அண்ணை. பொம்பிளை ஒண்டும் விளங்காமல் முழிச்சவ. இப்ப அவவுக்கு எல்லாம் விளங்கும். நான் எக்ஸ்பேர்ட் மாதிரிக் கதைக்கத் தொடங்கினா, கதை முடியிற வரைக்கும் காத்திருக்கிறேல்லை, நகத்தோட வந்திடுவா.