வெள்ளித் தட்டில் முதல் பக்கம் எது?

"எனக்குத் தெரியாது" என்று சொல்லும் பழக்கம் இருபத்து நான்கு வயதுவரை எனக்கு வந்ததே இல்லை. யார் எதைக் கேட்டாலும் தெரியும் என்பேன். ஒருமுறை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கன்னடக் குடும்பம் ஒகேனக்கல்லுக்கு வழி கேட்டது. நான் கைகாட்டிய பஸ்ஸில் ஏறி அவர்கள் ஏரியூரில் போய் இறங்கினார்கள். (காவிரி அங்கிருந்தும் அதிக தூரமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.)

அப்போது எனக்கு வேலை இல்லை. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, தருமபுரியில் வீடியோ டெக் வாடகைக்கு விடும் நண்பனின் கடையில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினோரு நாளை ஊரில் "எலக்ட்ரானிக்ஸ் லைன்ல இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் ஊரில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது.

எங்கள் ஊர் சர்ச்சின் பங்குச் சாமியார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறை நடுவில், மேஜைமேல் ஒரு பெரிய பெட்டி. ஜெர்மனியில் அவருக்குத் தெரிந்த ஒரு பங்கிலிருந்து அன்பளிப்பாக வந்ததாம்.

"லூர்து, இது வீடியோவாம்ப்பா. ஆனா கேசட் போடற ஓட்டையே காணோம். உனக்கு ஏதாச்சும் தெரியுதா பாரு."

அந்த மாதிரி மிஷினை நான் கனவில்கூடப் பார்த்ததில்லை. "தெரியும் ஃபாதர்" என்றேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே கிராமபோன் போல ஒரு சுழலி. ஆனால் முள் இல்லை. கூடவே ஒரு அட்டை உறைக்குள் பெரிய தட்டு. எங்கள் வீட்டுத் தோசைக்கல் அகலம், இரண்டு பக்கமும் வெள்ளிபோல மினுக்கம். உறையில் இயேசுநாதர் படம். அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரே தட்டில் இருக்கிறதாம், இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு மணி நேரம். இதையெல்லாம் கூட வந்த ஆங்கிலக் கடிதத்தைப் படித்து ஃபாதர்தான் சொன்னார். மிஷினை எப்படி ஓட்டுவது என்ற புத்தகம் மட்டும் ஜெர்மன் மொழியில் இருந்தது.

"குருத்து ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஸ்கூல் ஹாலுல ஊருக்கே போட்டுக் காட்டணும். நல்லபடியா நடத்திக் குடு. நம்ம ஹைஸ்கூல்ல லேப் அட்டெண்டர் எடம் காலியா இருக்குது. மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. ராத்திரிச் சோற்றுக்கு முன்பே மாரண்டஹள்ளியில் இருந்த என் பெரியம்மாவுக்குக் கார்டு எழுதச் சொன்னார். "எம்மவன் ஸ்கூல்ல சேந்துட்டான்னே எழுதுடா. எப்படியும் சேரத்தானே போற?" மூன்று வருஷமாக "மவன் என்ன பண்றான்?" என்ற கேள்விக்கு வாயை மூடிக்கொண்டிருந்தவர் அவர். நான் எழுதினேன். இந்த வேலை மட்டும் கிடைக்காவிட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயமும் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

ஒரு வாரம் அந்த ஜெர்மன் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன். எழுத்து புரியாவிட்டாலும் படங்கள் இருந்தன. ஒரு படத்தில் தட்டுக்குக் கீழேயிருந்து ஒரு அம்புக்குறி மேலே போனது. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கிராமபோனில் முள் மேலிருந்து உரசும். இதில் ஏதோ ஒரு ஒளி கீழேயிருந்து படிக்கிறது! (இது உண்மை. என் வாழ்க்கையில் எலக்ட்ரானிக்ஸ் பற்றி நானாகக் கண்டுபிடித்த ஒரே உண்மையும் இதுதான்.)

ஒத்திகை பார்க்க வழியில்லை. சுற்றுவட்டாரத்தில் கலர் டிவி இருந்தது சின்னசாமிக் கவுண்டர் வீட்டில் மட்டும். அவருடைய மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அவர் இந்துதான், ஆனால் கோயில் திருவிழாவுக்கும் சர்ச் திருவிழாவுக்கும் ஒரே மாதிரி முன்னால் நிற்பவர். "அன்னைக்குக் காலைல கொண்டாந்து தரேனுங்க சாமி. அதுக்கு முன்னால வூட்டைவுட்டு வெளிய எடுத்தா எம் பொண்டாட்டி என்னை வெளிய எடுத்துருவா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குருத்தோலைப் பவனியும் பூசையும் முடிந்து, ஜனம் ஓலையும் கையுமாக அப்படியே ஹாலுக்குள் புகுந்தது. கவுண்டர் டிராக்டரில் ஜமுக்காளம் சுற்றி டிவியைக் கொண்டுவந்திருந்தார். அவர் பின்னாலேயே அவர் தெரு ஜனமும் வந்தது. வந்தவர்களை ஏன் விட வேண்டும் என்று அவர்களுக்கும் ஆளுக்கொரு ஓலை கொடுத்தார்கள். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தோம்.

படம் ஜெர்மன் மொழி. யாருக்கும் புரியாது. அதனால் தமிழில் விளக்கம் சொல்ல எங்கள் உபதேசியார் சவரிமுத்துவை ஃபாதர் ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிறு மறைக்கல்வி நடத்துபவர், கண்டிப்பானவர். பிறப்பிலிருந்து உயிர்ப்புவரை நாற்பது பக்க நோட்டில் செந்தமிழில் எழுதி வந்திருந்தார். டிவிக்கு முதுகைக் காட்டி, ஜனத்தைப் பார்த்து, மைக்கோடு நின்றார்.

நான் உறையிலிருந்து தட்டை எடுத்தேன். நடுவில் ஒட்டியிருந்த தாளில் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2 என்று தெளிவாக இருந்தது. ஒன்றைக் கீழே பார்க்கத் திருப்பி வைக்கப் போனேன்.

உபதேசியார் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "தம்பி, ஒண்ணுன்னு போட்ருக்கறது மேல இருந்தா நல்லாருக்கும்ல?" என்றார்.

நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசும் அப்படியொரு சிரிப்பு. "அது கிராமபோனுங்க. இது கீழேருந்து படிக்கும். ஒண்ணு கீழ இருந்தாத்தான் ஒண்ணைப் படிக்கும். இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்."

"அவன் அந்த லைன்ல இருந்தவன் உபதேசியாரே" என்றார் ஃபாதர்.

கீழேயிருந்துதான் படிக்கிறது என்பது அதைச் செய்த ஜெர்மன்காரனுக்கும் தெரியும். தெரிந்துதான், மேலே 1 தெரியும்படி வைத்தால் கீழே முதல் பாகம் வருகிற மாதிரி லேபிளையே மாற்றி ஒட்டியிருக்கிறான். மனுஷர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று அவ்வளவு யோசித்திருக்கிறான். என் அளவுக்கு அறிவாளி ஒருத்தன் தருமபுரி மாவட்டத்தில் இருப்பான் என்பதைத்தான் அவன் யோசிக்கவில்லை.

மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினேன். மிஷின் உறுமியது. டிவியில் படம் வந்ததும் ஹாலில் "ஓ" என்று ஒரு சத்தம். அவ்வளவு துல்லியமான படத்தை நானும் பார்த்ததில்லை. பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"நாசரேத் என்னும் சிற்றூரிலே..." என்று தொடங்கினார் உபதேசியார். திரையில் நடு இருட்டு, மரங்கள், தீவட்டியும் தடியுமாக ஒரு கூட்டம்.

"கன்னி மரியாளுக்கு முன் இதோ வானதூதர் தோன்றுகிறார்!" தடிக்காரர்கள் தாடி வைத்த ஒருவரைப் பிடித்துக் கட்டினார்கள்.

"அஞ்சாதே மரியே!" பளார் என்று ஓர் அறை விழுந்தது.

தாடி வைத்தவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தலாம் என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். படம் நிற்கவில்லை, தலைதெறிக்க ஓடியது. இன்னொன்றை அழுத்தினேன், பின்பக்கமாக ஓடியது. அறைந்த கை திரும்பப் போனது. மூன்றாவது பொத்தானில் பழையபடி ஓட, மறுபடியும் பளார்.

"உபதேசியாரே, திரும்பிப் பாருங்க! போட்டு அடிக்கிறானுங்க!" என்று முன்வரிசையிலிருந்து கவுண்டர் கத்தினார்.

உபதேசியார் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. எச்சில் தொட்டு மளமளவென்று இருபது பக்கங்களைத் தள்ளி, "பிலாத்துவின் முன்னிலையிலே..." என்று பிடித்துக்கொண்டார். எங்கள் பங்கில் அவரை விட்டால் அதற்கு ஆள் இல்லை.

ஃபாதர் என் காதருகே வந்து, "நிறுத்துடா" என்றார். "நிறுத்தத் தெரியலைங்க ஃபாதர்" என்றேன். என் வாழ்க்கையில் முதல்முதலாக அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது. அதற்குள் சிலுவையைத் தூக்க வைத்துவிட்டார்கள். பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். இனி யாராவது நிறுத்தினால் ஹாலே எங்களைத் தூக்கிப்போட்டு மிதிக்கும் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

சிலுவையில் அறைந்தார்கள், அடக்கம் செய்தார்கள், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். பெயர்கள் ஓட, தட்டு தானாக நின்றது. ஃபாதர் பெருமூச்சு விட்டு எழுந்தார். "அன்பான மக்களே, இத்துடன் படம்..."

"சாமி, இருங்க இருங்க" என்று கவுண்டர் எழுந்துவிட்டார். "இன்னொரு பக்கம் இருக்குதுன்னு லூர்து தம்பி ஒரு வாரமா சொல்லிட்டுக் கெடந்துச்சே. போடச் சொல்லுங்க!"

"அது வந்து கவுண்டரே..."

"டிவி என்னுதுதானுங்களே?"

தட்டைத் திருப்பிப் போட்டேன். படத்தின் பெயர் அப்போதுதான் வந்தது. உபதேசியார் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். இந்தத் தடவை சொல்லும் படமும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. மாட்டுத்தொழுவம் வந்தது, வைக்கோலில் குழந்தை கிடந்தது.

"அட, மறுக்கா பொறந்துட்டாருய்யா!" என்றார் கவுண்டர். அவர் தெரு ஜனம் மொத்தமும் கைதட்டியது.

ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் ஆட்களுக்குக் குளறுபடி தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. ஏரோது ராஜா குழந்தையைத் தேடி ஆள் அனுப்பியபோது, "பாருங்க, இந்தப் பொறப்புலயும் வுடமாட்டேங்கறானுங்க" என்று கவுண்டர் பல்லைக் கடித்தார். தப்பித்ததும் விசிலடித்தார்கள். குருடனுக்குப் பார்வை வந்தது, ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கிடைத்தது. கடைசியில், எருசலேம் நகரத்துக்குள் அவர் கழுதைமேல் ஏறி வந்தார். தெருவெல்லாம் ஜனம் ஓலையைத் தூக்கி ஆட்டியது. எங்கள் ஹாலில் எல்லார் கையிலும் ஓலை இருந்தது. முதலில் கவுண்டர்தான் எழுந்து ஆட்டினார். அப்புறம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உபதேசியார்கூட நோட்டை மடித்து ஆட்டினார். அத்தோடு பக்கம் தீர்ந்து திரை இருண்டது.

கவுண்டர் ஃபாதரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் ஈரம். "அருமையான கதைங்க சாமி. எந்த ஊருல அடிச்சுக் கொன்னானுங்களோ, அதே ஊருக்கு ராஜா கணக்கா திரும்பி வந்தாரு பாருங்க! அடுத்த வருசமும் இதையே போடணும். டிவி நான் தரேன்."

ஃபாதர் தலையாட்டினார்.

மறுநாள் காலை அவர் அறையில் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "லூர்து, லேப்ல ஒரு பாட்டில்ல ஆசிட் இருக்கும், ஒண்ணுல தண்ணி இருக்கும். ரெண்டுலயும் லேபிள் ஒட்டியிருக்கும். அதுல எழுதியிருக்கறதை நம்பற ஒருத்தன்தான்ப்பா எனக்கு வேணும்" என்றார். வேலை அத்தோடு போனது.

அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. மாரண்டஹள்ளிக்குப் போன கார்டை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்டுக் கேட்டு அழுதார். நானும் அழுதேன். சாயங்காலம் கவுண்டர் வந்தார். டிவியை ஹாலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிற வழி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அட ஏனுங்க்கா அழுவறீங்க? தம்பிக்கு ஒரு பக்கந்தானே முடிஞ்சிருக்குது" என்றார். அம்மாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சாப்பிட்டார்.

ஆறு மாதத்தில் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முப்பது வருஷம் பார்த்தேன். என்ன பிரிவு என்கிறீர்கள்? பாகங்களைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்கும் பிரிவு. (நேர்காணலில் முன்அனுபவம் கேட்டார்கள். உண்மையைச் சொல்லவில்லை.)

கவுண்டரின் வசனம் எங்கள் வீட்டோடு தங்கிவிட்டது. என் மகள் பிளஸ் டூவில் கணக்கில் கோட்டைவிட்டபோது என் மனைவி அதைத்தான் சொன்னாள். என் தம்பி கடை நொடித்தபோதும் அதைத்தான் சொன்னோம். அடக்க முடியாமல் சிரித்துவிட்டு அப்புறம்தான் அழுவோம்.

அம்மா இறந்தபோது கல்லறைக்குக் கவுண்டர் வந்திருந்தார். தள்ளாடும் வயது, கையில் ஊன்றுகோல். பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும், நாங்கள் ஒவ்வொருவராக மண் போட்டோம். கவுண்டரும் ஒரு பிடி எடுத்துப் போட்டார். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "போய்ட்டு வாங்கக்கா. ஒரு பக்கந்தானே முடிஞ்சிருக்குது" என்றார்.

புதுச் சாமியார் நெகிழ்ந்துபோய், "ஆமென்" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தம்பி சிரித்தான், என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், கண்ணீர் மட்டும் எல்லாருக்கும் கொட்டிக்கொண்டிருந்தது. பெத்தவளைப் புதைக்கிற இடத்தில் சிரித்தவன் என்று மாரண்டஹள்ளிச் சொந்தங்கள் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.