காயம் பார்க்கும் அதிகாரி

வெண்துறை என்றொரு நாடு இருந்தது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மணல்மேடு, நடுவில் ஊரும் உப்பளமும் உள்ளடங்கிய ஒரு கோட்டை. அங்கே நெல் விளையாது, உப்பு விளையும். அரசர் முதல் உப்பளத்துக் கூலியாள் வரை எல்லோரும் கிறிஸ்துவை வணங்குகிறவர்கள். ஆகவே எந்தச் சட்டம் போட்டாலும் அதற்கு வேதத்தில் ஆதாரம் காட்டியாக வேண்டும் என்பது அந்த நாட்டின் மரபு. ஆதாரம் தேடிக் கொடுப்பதற்கென்றே அரண்மனையில் ஒரு எழுத்தர் இருந்தார். அவர் பெயர் மாசிலாமணி.

மாசிலாமணி, சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கும் ஒரு உபதேசியாரின் மகன். எதைக் கேட்டாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் வசனத்தைச் சொல்லிவிடுவார். இருபது வருடமாக அதுதான் வேலை. வரி கூட்ட ஒரு வசனம் கேட்டார்கள், கொடுத்தார். பாலம் கட்டாமல் இருக்க ஒரு வசனம் கேட்டார்கள், அதையும் கொடுத்தார். எடுத்துக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது, அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அவர்கள் பாடு என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த ஆண்டு மழை முன்னதாகவே வந்தது, வந்தது போகவில்லை. பாத்திகளில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்து கடலுக்கே திரும்பியது. உப்பளத்துச் சனங்களுக்கு வேலை இல்லை, அடுப்பில் நெருப்பு இல்லை. வேதக்கோயில் வாசலில் எப்சிபாய் என்ற பெண்பிள்ளை கஞ்சி காய்ச்சுவாள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று ஊரார் கொடுப்பார்கள், பசித்தவர்கள் வந்து குடிப்பார்கள். வெகுநாளாக நடந்து வந்த காரியம்தான். அந்த மழையில் அவளுடைய வரிசை நீண்டு, தெருவைத் தாண்டி, ராஜபாட்டையை மறித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்பட்ட எசேக்கியா ராஜாவின் ரதம் நின்றது.

எசேக்கியா ராஜா கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சாப்பிடுமுன் அவர் செய்யும் ஜெபம் முடிவதற்குள் கறி ஆறிவிடும். அன்று ரதத்தின் திரையை விலக்கிப் பார்த்தார். மனம் கலங்கிவிட்டது.

"வேதமாணிக்கம், நம்முடைய நாட்டில் இத்தனை ஏழைகளா? பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறதே" என்றார்.

வேதமாணிக்கம் இரக்கத்துறை மந்திரி. "மகாராஜா கஷ்டப்படக் கூடாது. உடனே ஆவன செய்கிறேன்" என்று சொல்லி மாசிலாமணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அரசரின் மனதுக்கு ஆறுதலாக, ஏழைகளைப் பற்றி ஒரு வசனம் வேண்டும். சுருக்கமாக இருக்கட்டும்."

"எளியவர்களை ஆண்டவர் பாக்கியவான்கள் என்று சொல்லியிருக்கிறார் அய்யா. ராஜ்யமே அவர்களுடையதாம்."

மந்திரி எழுந்து நின்றுவிட்டார். "ஆகா! உலகத்திலேயே பாக்கியவான்கள் அதிகமாக வாழும் நாடு நம்முடையது. இது நமக்கே இதுவரை தெரியவில்லையே!"

மறுநாள் முதலாம் கட்டளை வெளிவந்தது. இனி 'ஏழை' என்ற சொல்லை யாரும் பேசவோ எழுதவோ கூடாது. 'பாக்கியவான்' என்றே சொல்ல வேண்டும். அதற்கடுத்த நாள் களஞ்சிய அதிகாரி ஒரு ஐயம் கேட்டு எழுதினார். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கொடுப்பதற்கென்று பழைய அரசர் வைத்துப்போன களஞ்சியம் ஒன்று உண்டு. நாட்டில் ஏழைகளே இல்லாதபோது அதைத் திறப்பது எப்படி? திறக்க முடியாது என்று மந்திரி பதில் எழுதினார். களஞ்சியத்துக்குப் பூட்டும் முத்திரையும் விழுந்தன.

எப்சிபாயின் வரிசை இன்னும் நீண்டது.

"பாக்கியவான்கள் இப்படிப் பகிரங்கமாகக் கஞ்சி குடிப்பது கண்ணுக்கு நன்றாக இல்லை. தர்மம் செய்வதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று மந்திரி கேட்டார்.

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். "இருக்கிறது அய்யா. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது. அந்தரங்கமாகக் கொடுக்க வேண்டும்."

இரண்டாம் கட்டளை அதிலிருந்து பிறந்தது. வெளிப்படையாகக் கொடுப்பது தற்பெருமை; ஆகவே குற்றம். கொடுக்க விரும்புவோர் தங்கள் அரிசியை அரண்மனை வாசலிலுள்ள மூடிய பெட்டியில் போட வேண்டும். அரண்மனை அதை அந்தரங்கமாகக் கொடுக்கும். எவ்வளவு அந்தரங்கமாக என்றால், வாங்குகிறவனுக்கே தெரியாது. எனக்கு ஒன்றும் வரவில்லையே என்று கேட்பவன் அந்த அந்தரங்கத்தைக் குலைத்தவனாகக் கருதப்படுவான்.

அந்த மாதம் உப்பளத்துக் குடிசைகளில் ஏழு பேரைப் புதைத்தார்கள். கல்லறைத் தோட்டத்துப் பதிவேட்டில் 'பாக்கியவான், பசியால்' என்று எழுதக் கோயில் வேலைகளைப் பார்க்கும் குட்டியாருக்குக் கை வரவில்லை. 'பாக்கியவான், மழையால்' என்று எழுதி வைத்தார். அந்தப் பதிவேடு மேலொப்பத்துக்காக அரண்மனைக்கு வந்தபோது மாசிலாமணி அதைப் பார்த்தார். ஏழு வரிகளையும் இரண்டு தரம் படித்தார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எப்சிபாய் மட்டும் கஞ்சி காய்ச்சுவதை நிறுத்தவில்லை. காவலர்கள் அவளைப் பிடித்து மந்திரியின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"கட்டளை உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அய்யா. தண்டோரா போட்டாவளே."

"தெரிந்துமா செய்தாய்?"

"நாளைக்கு ஆண்டவரு எங்கிட்ட, 'ஏட்டி எப்சிபா, நா பசியா வந்தேனே, நீ என்ன செஞ்ச?'ன்னு கேட்டா நா என்னத்தச் சொல்லுவேன்? தண்டோராவயா சொல்ல முடியும்?"

மந்திரி மாசிலாமணியின் பக்கம் திரும்பினார். "இவள் என்ன சொல்கிறாள்? இப்படி ஒரு வசனம் உண்டா?"

உண்டு. எளியவரில் எளியவருக்குச் செய்ததெல்லாம் தமக்கே செய்ததாகும் என்று ஆண்டவர் சொன்னதை மாசிலாமணி எடுத்துச் சொன்னார். சொல்லும்போது அவருக்குள் ஒரு சின்ன சந்தோஷம். இதை மட்டும் இவர்களால் வளைக்க முடியாது, இத்தோடு கோயில் வாசல் திறந்துவிடும் என்று நம்பினார். இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு வசனம் ஜெயிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

மந்திரி நெடுநேரம் தாடியைத் தடவினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அப்படியென்றால் அந்த வரிசையில் ஆண்டவர் மாறுவேடத்தில் நிற்கக்கூடும்!"

"அப்படியும் சொல்லலாம் அய்யா."

"அவர் ஒருவர்தானே? மற்றவர்கள் எல்லாம் யார்? அவரைப் போல நடித்துச் சோறு வாங்குகிறவர்கள்! இது ஆள்மாறாட்டம் அல்லவா?"

மூன்றாம் கட்டளை அன்று மாலைக்குள் எழுதி முடிந்தது. கஞ்சிக்கு வரும் ஒவ்வொருவரின் கையையும் காலையும் அதிகாரி சோதிக்க வேண்டும். ஆணியடித்த காயம் இருந்தால் அவரை உரிய மரியாதையுடன் அரண்மனைக்கு அழைத்து வந்து, அரசரின் வலப்பக்கம் உட்காரவைத்து விருந்து வைக்க வேண்டும். காயம் இல்லாதவன் ஆண்டவரைப் போல நடித்த குற்றத்துக்காகச் சிறை செல்வான். 'காயம் பார்க்கும் அதிகாரி' என்று ஒரு பதவி உண்டாக்கி, வேதம் நன்றாகத் தெரிந்தவர் என்பதால் அதை மாசிலாமணிக்கே கொடுத்தார்கள். எப்சிபாயை விட்டுவிட்டார்கள். வரிசை நிற்பதற்குக் கஞ்சி வேண்டுமே.

காலையில் மழை விட்டிருந்தது. மாசிலாமணி இரண்டு காவலர்களுடன் கோயில் வாசலுக்கு வந்தார். இன்றைக்கு இத்தனை பேரையும் நான்தான் சிறைக்கு அனுப்பப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே ஏட்டைத் திறந்தார். வரிசையில் முதலாவதாக நின்றவன் யோனா என்ற உப்பளத்துக் கூலியாள்.

"கையைக் காட்டுப்பா."

யோனா கைகளை விரித்தான். இரண்டு உள்ளங்கையிலும் நடுவில் ஒரு குழி. உப்பு வாரும் பலகையின் பிடி அழுத்தி அழுத்தித் தோல் போய், உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஆறாமல் கிடந்தது.

"வேல இல்லாமக் கெடந்து இப்பக் கொஞ்சம் ஆறியிருக்கு அய்யா. வேல நடக்கையில பாக்கணும்" என்றான் யோனா, மன்னிப்புக் கேட்பது போல.

"காலு?"

காலிலும் இருந்தது. பாதத்தின் மேலே ஒன்று, அடியில் ஒன்று.

அடுத்து ஒரு பெண். அவள் கையிலும் இருந்தது. அடுத்து அவள் புருஷன். அடுத்து எண்பது வயதுக் கிழவர் ஒருவர், "வெலாவையும் பாக்கியளா?" என்று சட்டையைத் தூக்கப் போனார். மாசிலாமணி வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பத்துப் பேரைப் பார்த்த பிறகு மேற்கொண்டு பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் ஒருவரையும் விடாமல் பார்த்தார். இந்தக் கைகள் வாரிய உப்பைப் பிறந்ததிலிருந்து தின்றிருக்கிறார். கைகளை இன்றைக்குத்தான் பார்க்கிறார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'காயம் உண்டு' என்று எழுதினார். மொத்தம் இருநூற்றுப் பதினேழு பேர்.

ஏட்டை மூடினார். காவலர்களைப் பார்த்தார்.

"சட்டப்படி எல்லோரையும் அரண்மனைக்கு அழைத்துப் போக வேண்டும்" என்றார். "உரிய மரியாதையோடு."

அரண்மனை முற்றம் நிறைந்துவிட்டது. எசேக்கியா ராஜா படிக்கட்டின் மேல் வந்து நின்றார்.

"இவர்களில் யார் அவர்?" என்று மெல்லக் கேட்டார்.

"எல்லோர் கையிலும் இருக்கிறது மகாராஜா. நானே ஒவ்வொருவராகப் பார்த்தேன்."

அரசர் இரண்டு படி இறங்கி வந்தார். முன்னால் நின்ற கிழவரின் உள்ளங்கையைப் பார்த்தார். இன்னும் ஒரு படி இறங்கியிருந்தால் மண்டியிட்டிருப்பார் என்று பக்கத்தில் நின்றவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அதற்குள் மந்திரி அவர் காதோரம் வந்தார்.

"மகாராஜா, வலப்பக்கம் இருப்பது ஒரே நாற்காலி."

"இன்னும் போடச் சொல்லும்."

"நாற்காலி பெரிய காரியம் இல்லை. ஆண்டவர் வந்துவிட்டார் என்று நாம் ஒப்புக்கொண்டால், ராஜ்யம் யாருடையது என்ற கேள்வி வரும். தினமும் ஜெபத்தில் நாமே சத்தமாகச் சொல்கிறோம், உம்முடையது என்று."

அரசர் அந்த இரண்டு படிகளையும் திரும்ப ஏறினார்.

மந்திரி மாசிலாமணியை அருகில் அழைத்தார். "முன்னொரு தரம் அவர் வந்தபோது அதிகாரத்தில் இருந்தவர்கள் என்ன முடிவு எடுத்தார்கள்? ஆதாரம் வேண்டும்."

மாசிலாமணி ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அதை நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன் அய்யா" என்றார்.

"பரவாயில்லை" என்றார் மந்திரி. "அது எனக்கே தெரியும்."

ஒரு வேலையாள் வெள்ளிப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். முன்பு ஆண்டவரைச் சிலுவைக்கு அனுப்பிய தேசாதிபதியைப் போலவே, எசேக்கியா ராஜா எல்லோரும் பார்க்கத் தம்முடைய கைகளை நன்றாகக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டார். நான்காம் கட்டளை அங்கேயே வாசிக்கப்பட்டது. இவர்களிடத்தில் நாம் ஒரு குற்றமும் காணவில்லை. ஆயினும் நாட்டின் அமைதியை முன்னிட்டு இவர்கள் கோட்டைக்கு வெளியே கொண்டுபோகப்பட வேண்டும்.

கோட்டை வாசலில் காவலன் ஒவ்வொருவராக வெளியே விட்டான். மாசிலாமணியின் முறை வந்ததும் தடுத்தான். "அய்யா, நீங்க எங்க போறீய? ஒங்க கைலதான் காயம் இல்லியே. உள்ளயே இருங்க."

"விடுப்பா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே நடந்தார்.

மணல்மேட்டின் அடிவாரத்தில் சனங்கள் ஓலைக் கிடுகால் குடிசை கட்டிக்கொண்டு தங்கினார்கள். தானாகவே கூட வந்திருந்த எப்சிபாய் அடுப்பு மூட்டினாள். மாசிலாமணி தூரத்திலேயே நின்றார். அவள்தான் அவரிடம் வந்தாள்.

"எங்க அக்கா மவளயும் சேத்துத்தான் ஏழு பேரு. தெரியுமா ஒங்களுக்கு?"

"பேரைப் படிச்சேன்."

"எல்லாம் ஒங்க வாயிலேர்ந்து போன வசனம்."

"ஆமா" என்றார் மாசிலாமணி.

அவள் போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "குடிங்க. பசியோட நிக்கிற மனுசன்கிட்டச் சண்ட போட எனக்கு வராது."

மறுநாள் விடியும்போது கோட்டைச் சுவரின் ஓரத்தில் சின்னச் சின்ன அரிசி முடிச்சுகள் கிடந்தன. உள்ளேயிருந்து யாரோ சுவருக்கு மேலாக எறிந்திருந்தார்கள். அதற்கடுத்த நாளும் கிடந்தன. யார் எறிந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மழைக்காலம் முடியும்வரை அந்தச் சனங்கள் பிழைத்துக் கிடந்தது அதனால்தான். வெயில் வந்ததும் அவர்களைக் காலையில் உள்ளே உப்பளத்துக்குக் கூட்டிப் போய், பொழுது சாயுமுன் மறுபடி வெளியே விட்டார்கள். நாட்டுக்கு உப்பு வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு அதே நாளில் வெண்துறை நாடு ஒரு புதிய திருவிழாவைத் தொடங்கியது. ஆண்டவர் நம் நாட்டுக்கு எழுந்தருளிய நாள் என்று அதற்குப் பெயர். கோட்டைக்குள் தோரணம், வாத்தியம், அறுசுவை விருந்து. கூட்டம் அதிகம் வரும் என்பதால் பாதுகாப்புக்காக அன்றைக்குக் கோட்டைக் கதவுகளை அடைத்துவிடுவார்கள்.

பாடகர் குழுவின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. யோனா தலையைத் தூக்கிக் கேட்டான்.

"அய்யா, உள்ள என்னமோ பாடுதாவளே, என்னதுன்னு வெளங்குதா?"

மாசிலாமணி காது கொடுத்துக் கேட்டார். "ஆண்டவர் பசித்தவங்க வயித்தை நிறைச்சாராம். பணக்காரங்களை வெறுங்கையா அனுப்பினாராம். ராகம் நல்லாத்தான் இருக்கு."

"பாட்டுக் கேட்டது போதும்" என்றாள் எப்சிபாய். "எந்திச்சு வந்து இந்தப் பானையில ஒரு கை பிடிங்க அய்யா. ஆளு நிக்காவ."