சுற்றறிக்கை எண் 9: பதினைந்து நிமிடக் கொழுக்கட்டைச் சூப்பு

மலாயா விடுதலை பெற்றதற்கு அடுத்தபடியாக, அந்த ஆண்டுகளில் மலாக்கா நகரம் கண்ட மாபெரும் நிகழ்ச்சி, அங்குள்ள காஜா பேராங் பகுதியில் கொழுக்கட்டைச் சூப்புக்குப் பதினைந்து நிமிடம் என்று நேரம் நிர்ணயிக்கப்பட்டதுதான். முன்னதற்குக் கொடி ஏற்றினார்கள். பின்னதற்குச் சுற்றறிக்கை வெளியிட்டார்கள். கொடி மழையில் நனைந்தால் சாயம் போகும். சுற்றறிக்கைக்கு மூன்று நகல் உண்டு.

இந்த இரண்டாவது விடுதலையைப் பெற்றுத் தந்த பெருமகனார் கலியாணசுந்தரம். பகலில் அவர் ஓர் அரசாங்க ஆபீசின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். மாலையில் கிராணிமார் சங்கத்தின் செயலாளர். எஞ்சிய நேரத்தில், மனைவி சாரதாம்பாளுக்குக் கணவர்; ஆனால் எஞ்சிய நேரம் என்று ஒன்று அவருக்குப் பெரும்பாலும் எஞ்சவில்லை.

அவருடைய புகழ் ஒரு மணியில் தொடங்கியது. ஆபீசில் எட்டு மணிக்கு மணி அடித்தால் வேலை ஆரம்பம். ஆனால் கிராணிகள் ஏழே முக்காலுக்கே வந்து பதிவேடுகளை எடுத்து வைத்து, மைக்கூடுகளை நிரப்பி வைக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்தக் கால் மணி நேரத்துக்கு எதிராகக் கலியாணசுந்தரம் போர் தொடுத்தார். வேலை நிறுத்தம் இல்லை, விதிப்படி வேலை. மணி அடிக்கும் வரை யாரும் பேனாவைத் தொடவில்லை. மாலை மணி அடித்ததும் எழுதிக்கொண்டிருந்த சொல் பாதியில் நின்றது. மேலிடத்துக்குப் போன ஒரு கடிதம் 'தங்கள் பணிவுள்ள' என்பதோடு முடிந்துவிட்டது. 'ஊழியன்' மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தான். ஒன்பதாம் நாள் மேலதிகாரியான துரை பணிந்தார்.

வெற்றி விழாவில் கலியாணசுந்தரம் மேடையேறி ஒரு வாக்கியம் சொன்னார்: "மணிக்கு முன்னால் பிறர் பார்த்த வேலையை ஓசியில் தின்பவன் திருடன்." கைத்தட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. சங்கத் தலைவர் நல்லையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தைச் சங்கக் கையேட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டார்கள்.

சூப்புக்கு வருவோம்.

சாரதாம்பாள் தமிழ்ப் பள்ளியில் மத்தியான வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியை. பள்ளி விட்டுச் சைக்கிளில் வீடு வந்து சேர ஐந்தே முக்கால் ஆகும். மெர்டேக்காவுக்கு, அதாவது விடுதலைக்குப் பிறகு மலாய்ச் சான்றிதழ் வாங்கினால்தான் வேலை நிரந்தரம் என்று ஆகிவிட்டது. அதற்காகத் திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறரை மணிக்கு மலாய் வகுப்பு. போவதைக் கலியாணசுந்தரம் தடுக்கவில்லை. பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி அவர் இரண்டு முறை பேசியிருக்கிறார். வீட்டில் சூடான சாப்பாடு மட்டும் ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும் என்றார். முன்னேற்றம் ஆறு மணிக்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஆகவே சாரதாம்பாள் யோசித்தாள். பக்கத்து வீட்டுச் சீனத்தி அரிசி மாவு உருண்டைகளைச் சூப்பில் போட்டுக் கொடுப்பதைப் பார்த்திருந்தாள். கொழுக்கட்டை மாவைச் சுண்டைக்காய் அளவில் உருட்டி, எலும்புச் சூப்பில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, ஒரு பிடி கீரையைக் கிள்ளிப் போட்டாள். சோறு வேண்டாம், குழம்பு வேண்டாம், ஒரே கிண்ணத்தில் எல்லாம் முடிந்தது. ஐந்தே முக்காலுக்கு வந்து சேலை முந்தானையைச் செருகிக்கொண்டால் ஆறு மணிக்குக் கிண்ணத்தில் ஆவி பறந்தது. ஆறேகாலுக்கு அவள் சைக்கிளில் பறந்தாள்.

மூன்றாம் வாரம் கலியாணசுந்தரம் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினான்கு நிமிடம் நாற்பது வினாடி. மறுநாள் பார்த்தார். பதினைந்து நிமிடம். ஒரு பெரிய கண்டுபிடிப்பு தம் வீட்டு அடுப்படியில் அநாதையாகக் கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அதற்கு ஒரு தகப்பன் வேண்டும் அல்லவா? அன்றிரவே எழுத உட்கார்ந்துவிட்டார்.

'சுற்றறிக்கை எண் 9' இவ்வாறு பிறந்தது. உறுப்பினர்களின் இல்லத்தரசிகள் யாவரும் கடைப்பிடிக்க வேண்டிய எட்டு விதிகள். சமையலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாததால், விதிகளைச் சங்கக் கையேட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார். ஒன்றாம் விதி: வேலை ஐந்தே முக்காலுக்கு மணி அடித்ததும் தொடங்கும். இரண்டாம் விதி: மணிக்கு முன் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. ஐந்தாம் விதி: ஆறு மணிக்கு வேலை முடியும், அதற்கு மேல் வேலை செய்யத் தலைவரின் எழுத்து மூலமான முன் அனுமதி தேவை. ஏழாம் விதி: ஒருவருக்குரிய வேலையை இன்னொருவர் செய்யலாகாது, மீறிச் செய்பவர் கருங்காலி எனக் கருதப்படுவார்.

ஆபீசிலிருந்து ஒரு மேசை மணியைக் கடன் வாங்கி வந்து அடுப்படி அலமாரியில் வைத்தார். சூப்பு முன்பு எவ்வளவு சுவையாக இருந்ததோ அவ்வளவே இருந்தது. ஆனால் இப்போது அதற்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது.

மிச்சமான நேரத்தை வீணாக்குவது குற்றம். சங்கச் செயற்குழு இனிமேல் திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தம் வீட்டிலேயே கூடும் என்று கலியாணசுந்தரம் அறிவித்தார். ஆறு பேருக்கும் சூப்பு உண்டு. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஆறு பேருக்கும் அதே பதினைந்து நிமிடம்தானே?

நாலே கூட்டத்தில் செயற்குழு இளைப்பு நீங்கித் தெளிந்தது. புக்கிட் பாருவிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் நல்லையா ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வார். பொருளாளர் பொன்னுதுரை மூன்றாவது கிண்ணத்துக்குப் பிறகுதான் வாய் திறந்து கருத்துச் சொல்வார். கருத்து பெரும்பாலும் நாலாவது கிண்ணத்தைப் பற்றியதாக இருக்கும். பரிமாறி, மறுபடி பரிமாறி, கிண்ணம் கழுவி முடிக்கும்போது ஏழேகால். மலாய் வகுப்பில் அப்போது பாதிப் பாடம் முடிந்திருக்கும். முதல் இரண்டு முறை சாரதாம்பாள் பிந்திப் போனாள். அடுத்த இரண்டு முறை போகவே முடியவில்லை. இன்னும் ஒரு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்று மலாய் ஆசிரியர் சொல்லியனுப்பினார். பெயர் போனால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் ஆண்டு முடிவோடு வேலையும் இல்லை.

கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றும்படி சாரதாம்பாள் கணவரிடம் சொன்னாள். வாயால் சொல்வதெல்லாம் காற்றோடு போகும், எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தாள். மனுவைப் படித்து அவர் உண்மையாகவே மகிழ்ந்தார். ஓரம் விட்டு, தேதி போட்டு, பத்தி பிரித்து எழுதியிருந்தாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஓரத்தில் எழுதி, கையெழுத்திட்டு, கோப்பில் வைத்தார். நடவடிக்கை எடுத்ததில் அவருக்கு ஒரு நிறைவு.

அந்த வெள்ளிக்கிழமை சாதாரண வெள்ளிக்கிழமை அல்ல. கோலாலம்பூர் தலைமைச் சங்கத்திலிருந்து ஜெயபாலன் என்பவர் வருகிறார். சுற்றறிக்கை எண் 9ஐ நாடு முழுவதும் உள்ள கிளைகளுக்கு அனுப்பலாமா என்று நேரில் பார்த்துத் தீர்மானிப்பார். அனுப்பினால், ஜொகூரிலிருந்து பினாங்கு வரை ஒவ்வொரு சூப்புக் கிண்ணத்தின் அடியிலும் கலியாணசுந்தரத்தின் பெயர் இருக்கும்.

ஐந்து நாற்பதுக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். சாரதாம்பாளின் பிள்ளைகள் அடுத்த வீட்டில் இருந்தார்கள். அவளும் அன்று பள்ளியிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, வெளியே போகும் சேலையில் இருந்தாள். சைக்கிள் வாசலில் சாய்ந்திருந்தது; அதன் பின்னால் புத்தகப் பை. அடுப்படி துடைத்து வைத்தாற்போல இருந்தது. அடுப்பில் தணல்கூட இல்லை. இதுவல்லவோ ஒழுங்கு என்று கலியாணசுந்தரம் ஜெயபாலனுக்கு அடுப்படி வாசலில் ஒரு நாற்காலி போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். மணியைத் தட்டினார்.

சாரதாம்பாள் டின்னைத் திறந்து விருந்தாளியோடு சேர்த்து ஏழு பேருக்குப் பச்சரிசி அளந்தாள். களைந்தாள். தண்ணீர் ஊற்றி மூடினாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெயபாலன் பென்சிலும் கையுமாக அடுத்த கட்டத்துக்குக் காத்திருந்தார். அடுத்த கட்டம் வரவில்லை.

"அப்புறம்?" என்றார்.

"ஊறணுங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

கலியாணசுந்தரம் சிரித்தார். இது வேடிக்கை என்று விருந்தாளிக்குத் தெரியும்படியாகச் சிரித்தார். "என்ன சாரதா, மாவுதான் எப்பவும் தயாரா இருக்குமே."

"இருக்குங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அரிசி ஊறப் போடுவேன். வடிகட்டித் துணியில பரப்புவேன். ஒம்பது மணிக்கு இடிச்சு, சலிச்சு, வறுத்து வைப்பேன். பசாருக்குப் போயி எலும்பு வாங்கியாந்து, பள்ளிக்கூடம் போற வரைக்கும் கொதிக்க விட்டு, தணல்ல சாம்பலப் போட்டு மூடிட்டுப் போவேன். நீங்க வர்றப்போ உருட்டிப் போடுறது ஒண்ணுதான் பாக்கி." அலமாரியில் இருந்த சுற்றறிக்கையைக் காட்டினாள். "நேத்துத்தான் ரெண்டாம் விதிய நிதானமாப் படிச்சேன். மணிக்கு முன்னால எந்த வேலையும் தொடங்கக் கூடாதுன்னு இருக்கு. இத்தனை நாளும் விதிய மீறிட்டேங்க. மன்னிச்சுக்கணும்."

அவள் குரலில் கேலி இருந்ததா என்று கலியாணசுந்தரம் தேடினார். இல்லை. மேலிடத்துக்கு அவர் எழுதும் கடிதங்களில் எவ்வளவு பணிவு இருக்குமோ, சரியாக அவ்வளவு இருந்தது.

மீதி நேரத்தை அவள் வீணாக்கவில்லை. அடுப்பு மூட்டினாள். எலும்பைத் தண்ணீரில் போட்டு ஏற்றினாள். தண்ணீர் வெதுவெதுப்பானபோது ஆறு மணி ஆயிற்று. அவளே போய் மணியைத் தட்டினாள்.

"ஆறு ஆயிருச்சு. அஞ்சாம் விதி."

நல்லையா அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அனுமதி நான் தர்றேன், தங்கச்சி."

"முன் அனுமதி," என்றார் ஜெயபாலன். அவர் சுற்றறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார்.

பேனா பைக்குத் திரும்பியது. சாரதாம்பாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். நல்லையா கேட்டார், சங்கப் பேச்சுவார்த்தைகளில் கேட்பதுபோல மெதுவாக: "எவ்வளவு நாளா இப்படி மணிக்கு முன்னால எந்திரிச்சு வேலை பாக்குற?"

"சூப்புக்கா, சோத்துக்காண்ணே?"

"மொத்தமா."

"கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம்," என்றாள். கணவர் பக்கம் திரும்பினாள். "என் மனு பரிசீலனையில இருக்குங்க. முடிவானதும் சொல்லுங்க. நான் வகுப்புக்குப் போயிட்டு வந்துர்றேன்."

சைக்கிள் மணி காஜா பேராங் சாலையில் இரண்டு முறை ஒலித்து மறைந்தது.

அதன்பின் நடந்தது தொழிலாளர் ஒற்றுமையின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்கது. அடுப்பு எரிந்தது, எலும்பு இருந்தது, அரிசி ஊறியது, ஏழு பேருக்கும் ஆளுக்கு இரண்டு கை இருந்தது. ஒருவரும் அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. உள்ளே விதிப்படி வேலை நடக்கிறது. நுழைந்து கரண்டியைத் தொடுகிறவன் கருங்காலி. சூப்புப் பானை கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தபோதுகூட அவர்கள் கொள்கை வழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சீனன் ஒருவன் மூங்கில் குச்சிகளைத் தட்டிக்கொண்டு சூப்பு வண்டியைத் தள்ளிப் போனான். வாசனை வீட்டுக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றியது. பொன்னுதுரை பாதி எழுந்துவிட்டார்.

"வெளியாளை வச்சு வேலையை முடிக்கிறதும் ஏழாம் விதியிலதான் வரும்," என்றார் ஜெயபாலன்.

பொன்னுதுரை உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது.

கலியாணசுந்தரம் பேச்சை மாற்றும் நோக்கத்துடன் கூட்டத்தைத் தொடங்கலாமா என்றார். நல்லையா தொடங்கலாம் என்றார். பிறகு சங்கக் கையேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை அவர் துடைத்ததில் பழைய உருக்கம் இல்லை.

"செயலாளரே, இதுல உங்க வாக்கியம் ஒண்ணு இருக்கு. இன்னைக்குக் குறிப்பில அதைத் தீர்மானமா எழுதிருவோம்."

அது ஏற்கெனவே அச்சில் இருக்கிறதே, மறுபடி எதற்கு என்று கலியாணசுந்தரம் இழுத்தார். அந்த வாக்கியத்தை அவ்வளவு சுருக்கமாக அமைத்ததற்காக வாழ்க்கையில் முதல்முறையாக வருந்தினார்.

"நீங்க எழுதலேன்னா நான் எழுத வேண்டி வரும்," என்றார் நல்லையா. "என் கையெழுத்து பெருசு. தெருவுல போறவனுக்கும் தெரியும்."

கலியாணசுந்தரம் பேனாவைத் திறந்தார். கூட்டத்தில் நடந்ததில் ஒரு சொல் விடாமல் எழுதுவார் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயருக்கு அன்றும் அவர் களங்கம் வரவிடவில்லை.

அந்தக் குறிப்பு சங்கத்தின் கோப்பில் இன்றும் இருக்கிறது. அழகான கையெழுத்து. ஒன்று: செயற்குழு இனிக் கோப்பிக் கடையில் கூடும். இரண்டு: திருமதி சாரதாம்பாளின் மனு ஏற்கப்பட்டது; அத்துடன், காலை ஐந்து மணிக்கு அரிசி ஊறப் போடும் பொறுப்பு அடுத்த திங்கள் முதல் செயலாளரைச் சேரும். மூன்று: மணிக்கு முன்னால் பிறர் பார்த்த வேலையை ஓசியில் தின்பவன் திருடன் என்று இக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.

அதற்குக் கீழே, வழக்கம்போல, வந்திருந்தோர் பெயர்கள். முதல் பெயர் செயலாளருடையது.