காளீஸ்வரன் கண்டுபிடித்த யோகா

உலகத்தில் எத்தனையோ அநியாயம் நடக்கிறது. அதில் தலையாய அநியாயம், ஏழாம் மாதம் வளையல் போட்ட கையோடு ஒருவனுடைய பெண்டாட்டியை அவள் பிறந்த வீட்டார் கூட்டிப் போவது. காளீஸ்வரன் அப்படித்தான் கொதித்தான். ராமநாதபுரத்தில் கடை போட்டு, எரிந்துபோன மோட்டாருக்கெல்லாம் செம்புக் கம்பியில் காயில் கட்டித் தருகிறவன். சொந்த அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது. ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது. அம்மாவோ அண்ணன் வீட்டோடு திருப்பூரில். பானுப்பிரியா போய்விட்டால் சோற்றுக்கு என்ன வழி?

சோற்றுக்காகப் போகாதே என்று எந்த ஆம்பளை வாய்விட்டுச் சொல்வான்? அதனால் யோகாவைக் கண்டுபிடித்தான். மாசமாக இருக்கிறவர்களுக்கு யோகா கிளாஸ் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு தொங்கியது. அன்றைக்கே அவளைச் சேர்த்துவிட்டான். வளைகாப்பு முடிந்து, சிக்கல் கிராமத்தில் ஆடு வளர்க்கும் மாமனார் செல்லச்சாமி மகளின் துணிப்பையைத் தூக்கியபோது குறுக்கே போய் நின்றான்.

"கீழ வைங்க மாமா. பானு வரமாட்டா."

"என்ன மாப்ள, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"முறையா வந்து பிள்ளை பெக்குது? மூச்சுப் பயிற்சி இருக்கு, இடுப்புக்குப் பயிற்சி இருக்கு. டாக்டரே நல்லதுன்னுட்டாங்க. சிக்கல்ல யாரு சொல்லித் தருவா? ஒங்க ஆடா?"

"அங்கனருந்து வந்து போகட்டுமே."

"அம்புட்டு தூரம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டா? மனசாட்சி இருக்கா மாமா ஒங்களுக்கு?"

மாமனார் பையைக் கீழே வைத்தார். பானு எதிர்த்துக் கேட்காமல் அதை உள்ளே எடுத்துப் போனாள். அதிலேயே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த செக்கப்பில் டாக்டரம்மா எடை மிஷினைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏம்மா, எடை கூடவே இல்லையே? யோகாவெல்லாம் ஒழுங்காப் பண்றே. சாப்பிடுறியா இல்லியா?"

"தாளிக்கிற வாடை பட்டாலே குமட்டுது டாக்டர். சமைச்சு முடிக்கையில சாப்பாட்டுல மனசே போக மாட்டேங்குது."

"வீட்ல வேற யாரும் சமைக்க மாட்டாங்களா?"

இரண்டு பேரும் காளீஸ்வரனைப் பார்த்தார்கள். அவன் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தான். "என்னையக் குத்தவாளியாக்கிட்டியே! ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிடுன்னு தினம் தினம் சொன்னேனா இல்லியா?"

"ரெண்டு பேருக்குச் சாப்பிட வேண்டாம், சத்தாச் சாப்பிட்டாப் போதும்னுதான் டாக்டர் சொன்னாங்க. எனக்கு வச்ச மீனையும் எடுத்து, ரெண்டு பேருக்குச் சேத்துத் தின்னது நீங்கதான்."

"மிச்சத்தக் குப்பையில கொட்டச் சொல்றியா?"

"ஏங்க..." அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "பிள்ளை எடை இல்லாமப் போயிருமோன்னு எனக்குப் பயமா இருக்கு. ஒங்களுக்குப் பசிக்குது. அம்புட்டுத்தான் நம்ம குடும்பம்."

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் ரோஷம் விடுமா? "அப்ப சிக்கலுக்குப் போகணுங்கிற. அதான?"

"நான் எங்க போறேன்? கிளாஸ விடக் கூடாதுல்ல? நேத்தே அம்மாவ இங்கன வரச் சொல்லிட்டேன்."

காளீஸ்வரனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இருந்த இடத்துக்கே மாமியார் கை நண்டுக் குழம்பு! சந்தோஷத்தை மறைக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டு வைத்தான். "அத்தை இங்கன வந்துட்டா, அங்கன மாமாவுக்கு யாரு சோறு பொங்குறது? பாவம்ல?"

"அதத்தான் அம்மாவும் கேட்டாக. நீங்க போறீங்கன்னு சொல்லிட்டேன்."

"நானா? எனக்குச் சமைக்கத் தெரியாதுடி!"

"எங்க அய்யாவுக்கும் தெரியாது. ரெண்டு பேருமாப் பழகிக்கிடுங்க."

"கடை?"

"பஸ் இருக்குல்ல?"

"தினமும் அம்புட்டு தூரம் குலுங்கிக்கிட்டா?"

"ஒங்க வயித்துல என்ன பிள்ளையா இருக்கு?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் பாண்டியம்மாள் கூடை நிறைய முட்டையோடு இறங்கி, மருமகன் கையில் சிக்கல் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

மறுநாள் சிக்கலில், மருமகன் பொங்கிய சோற்றில் முதல் கவளத்தைச் செல்லச்சாமி மெல்லாமலே விழுங்கினார்.

"மாப்ள, நாளைக்கு உலையில கொஞ்சம் தண்ணியக் கொறச்சு வைங்க."