திங்கட்கிழமைப் புது ஆள்

"அத்தை, இலாரியோவைத் திரும்பச் சேத்துக்கணும்னா கம்ப்யூட்டர்ல போட்டுச் சரிபாத்தாகணும். இப்ப அவரு புது ஆளு," என்றாள் உணவகத்தின் கணக்கைப் பார்க்கும் கேலின்.

கடை முதலாளி எர்லீன் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அலபாமாவில் புதிதாக யாரை வேலைக்கு எடுத்தாலும், அவருக்கு இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று கம்ப்யூட்டரில் கேட்டாக வேண்டும். சட்டம் வருமுன்பே சேர்ந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சமையல்காரன் இலாரியோ அப்படிப் பழைய ஆள்தான், போன சனிக்கிழமை வரை.

"சனிக்கிழமையானா அவனைத் துரத்துறேன், திங்கக்கிழமையானா வந்து அடுப்பைப் பத்தவைக்கிறான். ஊருக்கே தெரியுமேடி."

"இதுவரைக்கும் வாயால துரத்துனீங்க. இந்தத் தடவை எனக்குப் போன் பண்ணி, கணக்கை முடின்னு கத்துனீங்க. முடிச்சுட்டேன்."

எல்லாம் கிரேவியால் வந்த வினை. ஞாயிறு தன் கடைக்கு விடுமுறை என்பதால், சர்ச் முடிந்ததும் எதிர்க்கடை வாண்டாவிடம் போய்ப் பொரித்த கோழியும் கிரேவியும் வயிறாரச் சாப்பிடுவாள் எர்லீன். அந்த வாரம் முழுக்கப் பொறுத்திருந்து, சனிக்கிழமை இலாரியோவிடம், "அங்க போய் நக்கிப் பாரு, அதுக்குப் பேருதான் கிரேவி," என்று ஆரம்பித்து, வேலையை விட்டு நீக்குவதில் கொண்டுபோய் முடிப்பாள்.

"நான் நீக்கவே இல்லைன்னு எழுதிக்கோ. லீவு குடுத்தேன், அவ்வளவுதான்."

காபி குடித்துக்கொண்டிருந்த பாஸ்டர் நிமிர்ந்தார். "என் காதால கேட்டேன் எர்லீன். அவனுக்காக ஜெபம்கூடப் பண்ணினேன்."

எர்லீன் சமையலறைக்கு ஓடினாள். "இன்னிக்கு வீட்டுக்குப் போ. வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்லி அனுப்புறேன்."

இந்த முறை நிஜம்தான் என்று இலாரியோ நினைத்துவிட்டான். ஏப்ரனைக் கழற்றி மடித்தான். "சரிங்க மிஸ் எர்லீன். என் கத்தியை மட்டும் காணோம். தேடி எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்."

வெளியே பசியோடு இருந்தவர்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

எர்லீனுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனுடைய காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்தான். அவன் இல்லாமல் இந்தக் கடையை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

"போகாதப்பா. உன்னைக் கம்ப்யூட்டர்ல போடணும்ங்கறா. அதுல ஏதாவது தப்பா வந்துடுமோன்னுதான்..."

"அட, இவ்வளவுதானா?" இலாரியோ வெளியே வந்து, பர்ஸிலிருந்த அட்டைகளைக் கேலினிடம் நீட்டினான். அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். எர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அனுமதி இருக்கு, அத்தை."

எர்லீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். "பாவி, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கவே இல்லையே."

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை வாண்டா உள்ளே வந்து, துணியில் சுற்றிய எதையோ மேசைமேல் வைத்தாள்.

"இந்தா இலாரியோ, உன் கத்தி. நேத்துக் கிரேவி வச்சுட்டு எங்க சமையல்கட்டுலயே விட்டுட்டு வந்துட்ட."