மஞ்சள் சட்டைக்குப் பின்னால் யாரும் இல்லை

கைகாட்டி விழுந்து கிடந்தது.

அதன் ஒரு கை வானத்தைக் காட்டியது. இன்னொரு கை பூமியைக் காட்டியது. இரண்டு இடத்துக்கும் இப்போதைக்குப் போகும் உத்தேசம் ஹெர்பர்ட் துவெய்ட்டுக்கு இல்லை. அவர் இருட்டுவதற்குள் ஆல்டர்ஷா போய்ச் சேர வேண்டும். அவருக்குப் பின்னால் வரிசையாக நின்ற ஒன்பது பேருக்கும் அங்கேதான் வீடு.

"எந்தப் பக்கம், டாக்டரே?" என்றார் டக்ளஸ்.

டக்ளஸ் எப்போதும் ஹெர்பர்ட்டுக்கு அடுத்த இடத்தில்தான் நடப்பார். வழி தவறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

ஹெர்பர்ட் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். முப்பது வருடம் ஆல்டர்ஷாக்காரர்கள் அவர் முன்னால் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார்கள். ஒருவராலும் ஒரு வார்த்தை பேச முடிந்ததில்லை. இப்போது சேர்த்து வைத்துப் பேசினார்கள்.

அவர் வரைபடத்தை விரித்தார். அவர்கள் நின்ற இடம் அதன் விளிம்புக்கு ஓர் அங்குலம் வெளியே இருந்தது. அந்த அங்குலம் இருக்கும் வரைபடம் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. மூர் என்ற அந்தப் பொட்டல் மேட்டு நிலத்தில் கைபேசி என்பது மணி பார்க்க.

"என்ன போட்டிருக்கு?"

"எல்லாம் சரியா போட்டிருக்கு" என்று ஹெர்பர்ட் வரைபடத்தை மடித்தார். "வலது பக்கம்."

அதைப் பல் மருத்துவரின் குரலில் சொன்னார். எந்தப் பல் என்று தயங்கினால் படுத்திருப்பவர் எழுந்து போய்விடுவார்.

வலது பக்கம் போனார்கள். மூடுபனி இறங்கியது. பக்கத்தில் இருப்பவர் தெரிந்தார். அவருக்கு அடுத்தவர் நிழல். அதற்கும் அடுத்தவர் நம்பிக்கை.

வரிசையின் கடைசியில் முரியல் ஆக்ராய்ட் வந்துகொண்டிருந்தார். நடையர் சங்கத்தின் தலைவி. கடைசி ஆள் மஞ்சள் சட்டை போட வேண்டும், மஞ்சள் சட்டைக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது சங்கத்தின் முதல் விதி. வழக்கமாக அதைப் போடுகிறவரிடமிருந்து காலையில் முரியல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு நான் போட்டுக்கறேன். கடைசியிலேருந்து பார்த்தாதான் லீடர் எப்படின்னு தெரியும்."

சொல்லும்போது ஹெர்பர்ட்டைப் பார்க்கவில்லை. பார்க்காததே போதுமாக இருந்தது. போன வசந்தத்தில் ஹெர்பர்ட் சங்கத்தை ஒரு பண்ணையின் சாணிக்குட்டையில் இறக்கினார். டக்ளஸுக்கு அடுத்து நடக்கும் ஐவியின் ஒரு பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுகிறது. வழி நடத்துபவர்கள் யார் யார் என்று அன்றைக்கு முடிவாகும்.

மனைவி போன பிறகு ஹெர்பர்ட்டுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் இருந்தது. அது ஞாயிறு. மற்ற ஆறும் ஞாயிற்றுக்குப் போகும் வழி.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு செய்தி வந்தது. மூரில் சத்தம் போட்டுப் பேசுவது நாகரிகமில்லை. கடைசி ஆள் சொல்வதை முன்னால் இருப்பவர் வாங்கி, தனக்கு முன்னால் இருப்பவரிடம் கொடுப்பார். வரும் வழியில் செய்தி கொஞ்சம் தேயும்.

"டாக்டரே, முரியலம்மா சொல்லியனுப்பியிருக்காங்க" என்றார் டக்ளஸ்.

"என்னவாம்?"

"பின்னாடி பேசிக்கிறாங்களாம்."

"என்ன பேசிக்கிறாங்களாம்?"

"அது வரலை. பின்னாடி, பேசிக்கிறாங்க. ரெண்டு வார்த்தைதான் வந்துச்சு."

ஹெர்பர்ட் மேலே கேட்கவில்லை. பின்னாடி என்றால் செவ்வாய்க்கிழமை, கமிட்டியில்.

காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து முதுகில் அடித்தது. பிறகு மறுபடி முகத்தில் அடித்தது. மூர்க் காற்றுக்கு நிலையான கொள்கை எதுவும் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். தடத்தோரத்தில் ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று நின்று அவர்களைப் பார்த்தது.

அப்போதுதான் முன்பக்கம் பனி கொஞ்சம் மெலிந்து, அதற்குள் ஓர் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

ஒரு மனிதர். ஆரஞ்சுக் கோட்டு. இவர்களுக்கு நெடுந்தூரம் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாக நடந்துகொண்டிருந்தார். வரைபடம் பார்க்கவில்லை. நின்று யோசிக்கவில்லை. இடம் வலம் திரும்பவில்லை. போகும் இடம் தெரிந்தவனின் முதுகு எப்படி இருக்கும் என்பது ஹெர்பர்ட்டுக்குத் தெரியும். தன் முதுகு அப்படி இருக்க வேண்டும் என்று அவர் பல வருடங்கள் முயன்றிருக்கிறார்.

"யாரோ போறாரு" என்றார் டக்ளஸ்.

"போகட்டும். நம்ம வழியிலதான் போறாரு."

"நாம அவர் வழியில போகலையே?"

ஹெர்பர்ட் ஆரஞ்சுக் கோட்டுக்காரரைப் பார்த்தார். அவரைப் பிடித்துவிட்டால் பேச்சோடு பேச்சாக வழியைத் தெரிந்துகொள்ளலாம். வானிலையில் ஆரம்பித்தால் ஆல்டர்ஷாவில் முடிக்கலாம். நடையைக் கூட்டினார்.

பின்னால் வரிசையும் நடையைக் கூட்டியது. ஐவி மூச்சு வாங்கினார். ஆனால் தூரம் குறையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சுக் கோட்டுக்காரரும் வேகமாக நடக்க ஆரம்பித்திருந்தார்.

ஹெர்பர்ட் ஓட்டமும் நடையுமாகப் போனார். கோட்டுக்காரரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"நம்மளப் பார்த்துப் பயப்படுறாரோ?" என்றார் ஐவி.

"பத்துப் பேர் சேர்ந்து துரத்தினா நானும் ஓடுவேன்" என்றார் டக்ளஸ்.

ஹெர்பர்ட்டுக்குக் கால் தளர்ந்தது. நடை குறைந்தது. சற்றைக்கெல்லாம் ஆரஞ்சுக் கோட்டின் நடையும் குறைந்தது.

"சாப்பிடலாம்" என்றார் ஹெர்பர்ட். வேறு எதுவும் தோன்றவில்லை.

தடத்தோரம் அங்கங்கே உட்கார்ந்தார்கள். சீஸ் ஊறுகாய் சாண்ட்விச்சைப் பிரித்தார்கள். ஹெர்பர்ட் முன்னால் பார்த்தார். அங்கே கோட்டுக்காரரும் ஒரு கல்மேல் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார்.

ஹெர்பர்ட் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். எங்கே உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. இந்த மூரைப் பிறப்பிலிருந்து நடந்தவராக இருக்க வேண்டும். அவர் பின்னால் போனால் பிழைத்தோம் என்று நினைத்தார். நினைத்தபோது அவமானமாகவும் இருந்தது. சங்கத்துக்கு வேண்டிய லீடர் அங்கே கல்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தவறான லீடர் இங்கே.

இவர்கள் எழுந்தார்கள். அவரும் எழுந்தார்.

எதிரே மணியடித்தபடி ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவர் சிவப்புச் சட்டைக்காரர், இளைஞர்.

"வணக்கம்" என்றார். எல்லோரும் சொன்னார்கள். சைக்கிள் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் எதிரே இன்னொரு சைக்கிள் வந்தது. அவருக்கும் சிவப்புச் சட்டை. தலையை மட்டும் ஆட்டினார். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒரு வணக்கம் என்பது மூர் வழக்கம்.

"வணக்கம்கூடச் சொல்லாம போறான்" என்றார் டக்ளஸ். "சைக்கிள் கிளப்பு மொத்தமும் இன்னிக்கு இங்கதான் போலிருக்கு."

ஆல்டர்ஷாவில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பேசிக்கொள்வதில்லை. தடம் யாருடையது என்று இருபது வருடமாகத் தகராறு. செத்தாலும் சைக்கிள்காரனிடம் வழி கேட்பதில்லை என்பது சங்கத்தில் எழுதாத விதி. எழுதிய விதிகளைவிட அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

மூன்றாவது சைக்கிள் நின்றது. சிவப்புச் சட்டைக்காரர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஹெர்பர்ட்டைப் பார்த்தார்.

"ஐயா, தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு சொல்லலாமா?"

ஹெர்பர்ட்டின் நெஞ்சு எழும்பியது. சொல்லு, சொல்லு என்று அது கெஞ்சியது. வாய் திறப்பதற்குள் டக்ளஸ் முன்னால் வந்துவிட்டார்.

"இது நடக்கிற தடம்."

"சைக்கிளுக்கும்தாங்க. அது இல்லை. நீங்க இப்படிச் சுத்திச் சுத்தி..."

"நாங்க சுத்துவோம், சும்மா நிப்போம். உனக்கென்னப்பா? வழிய விட்டு ஓரமா போ."

"சரிங்க" என்றார் அந்த இளைஞர். முகம் சட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது. "நல்லா நடங்க."

சைக்கிள் பனிக்குள் போனது. மணிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஹெர்பர்ட் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியான பதிலடி, இல்ல டாக்டரே?"

"ஆமாம்" என்றார் ஹெர்பர்ட்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. ஐவியின் உதடு நீலம் பாரித்திருந்தது. பாறை ஒன்றின் அருகே அவர் நின்றார்.

"இங்க ஆட்டுக்கெல்லாம் ஒத்தைக் கொம்புதான் போல" என்றார். "இது நாலாவது."



ஹெர்பர்ட் அந்த ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது. அதன் முகத்தில் முரியலின் சாயல் இருந்தது. இன்றிரவு மலை மீட்புக்காரர்கள் விளக்கோடு வருவார்கள். போர்வை போர்த்தி, ஒவ்வொருவராக எண்ணி, கீழே கொண்டுபோவார்கள். சங்கத்தின் வரலாற்றில் அப்படி ஒருமுறையும் நடந்ததில்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும்கூடப் போகாது. பப்பில் இன்றைக்கே பேசி முடித்துவிடுவார்கள்.

ஒரு வழி பாக்கி இருந்தது. முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, நிறுத்தி, எல்லோரும் பார்க்க, எனக்கு வழி தெரியாது என்று சொல்வது. அதைச் சொன்ன பிறகு யாரும் லீடராக இருந்ததில்லை.

அவர் ஐவியின் உதட்டை இன்னொரு முறை பார்த்தார்.

"டக்ளஸ். நான் வழி தவறிட்டேன்."

"அது கைகாட்டிகிட்டயே தெரியும், டாக்டரே."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?"

"சொன்னா நல்லா இருக்காதேன்னுதான்."

ஹெர்பர்ட் ஐவியிடம் திரும்பினார். ஐவி தன் கையுறையைப் பார்த்தார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"நீங்க அவ்வளவு உறுதியா வலது பக்கம்னீங்க" என்றார் ஐவி. "மனசு வரலை."

ஹெர்பர்ட் தலையாட்டினார்.

"எல்லாரும் அங்கங்கே நில்லுங்க. ஒருத்தரும் அசைய வேண்டாம். பின்னால சொல்லியனுப்புங்க. நான் போய் அவரைக் கேட்டுட்டு வரேன்."

செய்தி வரிசையில் பின்னோக்கிப் போனது. 'நில்' என்ற சொல் தேயாமல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வரிசை நின்றது. முன்னால், பனிக்குள், ஆரஞ்சுக் கோட்டும் நின்றது.

ஹெர்பர்ட் தனியாக நடந்தார். இந்த முறை தூரம் குறைந்தது. ஒவ்வோர் அடிக்கும் கோட்டு பெரிதானது. கிட்டப் போனதும், மனிதர் வயதானவர் என்பது தெரிந்தது. தாடியில் பனித்துளி இருந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டு, பொறுமையாக, முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிக்கணும்" என்றார் ஹெர்பர்ட். "தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்."

"பரவாயில்லைங்க. நானும் சும்மாதான் நிக்கிறேன்."

"ரொம்ப நேரமா உங்க பின்னாடிதான் வந்துக்கிட்டிருக்கோம். உங்களுக்கு வழி நல்லாத் தெரியும்னு பார்த்தாலே தெரியுது. எனக்குத் தெரியலை. இதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரம் ஆச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆல்டர்ஷாவுக்கு எப்படிப் போகணும்?"

கோட்டுக்காரர் திரும்பி அவரை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பனிக்குள் காட்டினார். அங்கே, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தின் கடைசியில், மஞ்சளாக ஏதோ அசையாமல் நின்றது.

"எனக்கு என்னங்க தெரியும்? காலையில வழி தவறினதுலேருந்து அந்த மஞ்சச் சட்டை அம்மாகிட்டப் பேசிக்கிட்டு, அவங்க பின்னாடியேதான் வந்துக்கிட்டிருக்கேன். கவலைப்படாதீங்க, எங்க லீடருக்கு இந்த மூர் உள்ளங்கை மாதிரின்னாங்க."